தட்டில் பால் குடித்த குட்டி

பிறந்து மூன்றே நாளான ஆட்டுக்குட்டிக்குத் தட்டில் பால் குடிக்கக் கற்றுக்கொடுத்தவன் அந்தமானில் எங்கள் வண்டூரிலேயே நான் ஒருவன்தான். அதை ஆபீஸில் போய்ப் பீற்றிக்கொண்டவனும் நான்தான்.

சுனாமியில் என் மனைவியின் ஆடுகள் எல்லாம் போய்விட்டன. நாலைந்து வருஷம் கழித்து மனசைத் தேற்றிக்கொண்டு பாராடாங் தீவிலிருந்து ஒரு சினையாட்டைக் கொண்டுவந்தாள். குட்டி போட்ட கையோடு அது செத்துப்போனது. இந்தக் குட்டியும் போனால் இனி ஆடே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பால் புட்டிக்கு ரப்பர் காம்பு எந்தக் கடையிலும் இல்லை. எதைக் கேட்டாலும் ஒரே பதில், சென்னையிலிருந்து ஷிப் வரட்டும். நான் சும்மா இருப்பேனா? நிவாரண முகாமில் கொடுத்த தட்டை எடுத்தேன். நாங்களே அதில் சாப்பிட்டுத்தானே பிழைத்தோம், குட்டிக்கு மட்டும் என்ன கேடு? பக்கத்து வீட்டு மாட்டுப்பாலை ஊற்றிக் குட்டியின் மூக்கை அதற்குள் அமுக்கினேன். மடமடவென்று குடித்தது.

மறுநாள் வயிறு மத்தளமாக உப்பிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்நடை டாக்டரம்மா ஹிந்தியில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறந்த குட்டி சப்பினால்தான் வயிற்றுத் தசைக்குச் சேதி போகுமாம். தசை மடிந்து குழாயாகி, ஆட்டின் நாலு வயிற்றறையில் பாலைச் செரிக்கிற அறைக்கு நேரே அனுப்புமாம். தட்டில் உறிஞ்சினால் சேதி போகாது, பால் புல்லுக்கான அறையில் விழுந்து புளிக்கும். வளர்ந்து புல் மேய ஆரம்பித்தால் அந்தச் சேதி தானே மங்கிவிடும். மருந்து கொடுத்து, காம்பு கிடைக்கும்வரை விரலைச் சப்பவிட்டுப் பால் புகட்டச் சொன்னார்.

வீடு வந்ததும் மனைவி நேரே அடுக்களைக்குப் போய்த் திரும்பினாள். வாசலில் நின்று சொன்னாள்: "தட்ட நான் எடுத்து வச்சிட்டேன். விரல் உங்களோடது. பாத்துக்குங்க."

வேளாவேளைக்கு விரலைக் கொடுத்தேன். ஆபீஸுக்குத் தினமும் லேட். ஆட்டுக்குட்டி என் விரலைச் சப்புகிறது என்று ஹிந்தியில் காரணம் சொன்னபோது மேலதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் குட்டி தேறியது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு யார் என்ன நினைத்தாலும் கவலையில்லை.

கப்பல் வந்தது, காம்பும் வந்தது. ஒன்று வாங்கி, வீட்டில் சொல்லாமல் பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். விரலை விட மனசு வரவில்லை.

சில மாதம் போயிற்று. கொல்லையில் புல்லை அசைபோட்டுக்கொண்டிருந்த குட்டியிடம் ஆசையாக விரலை நீட்டினேன். கடித்துவிட்டது. சனியன்!

மனைவி மஞ்சள் வைத்துத் துணி சுற்றினாள்.

"கப்பல் வந்த அன்னைக்கே அந்தக் காம்பப் பாத்துட்டேன்" என்றாள். "தூக்கிப் போட்டுறாதீங்க. அடுத்த குட்டிக்கு வேணும்."