நடுவில் எழுந்து போகிறவர்

மேலாளர் "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று ஆரம்பிக்கும்போது எங்கள் அலுவலகத்து ‘ஜம்ப்’ அக்கா வாசலைத் தாண்டியிருப்பார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். தனக்கான பேச்சு முடிந்தது என்று தோன்றினால் எழுந்துவிடுவார். சொல்லிக்கொண்டு போகிற வழக்கமெல்லாம் கிடையாது. சினிமாவிலும் அப்படித்தான். வீட்டுச் சண்டையின் நடுவில் துணி காயப்போடப் போய்விடுவாராம். மிச்சச் சண்டையை வீட்டுக்காரர் தனியாகப் போட்டு முடிக்க வேண்டும். பாவம் மனிதர்.

ரொட்டி வெட்டும் இயந்திரத்துக்கு புரோகிராம் எழுதுவது அக்காவின் உத்தியோகம். அதைச் சோதித்துப் பார்ப்பது பக்கத்து மேசையில் இருக்கும் என் பிழைப்பு. அக்கா தினமும் ஒரு டப்பா நிறையக் காரட் கொண்டுவருவார். கடிக்கிற சத்தத்தை வைத்தே வேலை ஓடுகிறதா, முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று நான் சொல்லிவிடுவேன்.

அந்த புரோகிராமில் மூன்று சுற்றுகள், ஒன்றுக்குள் ஒன்று. ஒவ்வொரு தட்டாக எடு. தட்டில் ஒவ்வொரு ரொட்டியாக எடு. ரொட்டியை ஒவ்வொரு துண்டாக வெட்டு. வெட்டும்போது யாராவது கத்திக்கடியில் கையை விட்டுவிட்டால்? அதற்காக அக்கா ஒரு ‘கோ டூ’ போட்டிருந்தார். இருந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, சொன்ன வரிக்கு நேரே தாவு என்கிற கட்டளை. அவர் தாவச் சொன்ன வரியில் ‘நிறுத்து’ என்று இருந்தது.

எங்கள் தொழிலில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ‘கோ டூ’ என்றாலே முகம் சுளிப்பார்கள். கண்ட இடத்துக்குத் தாவினால், பிறகு படிப்பவனுக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது என்பது அவர்கள் கட்சி. நியாயம்தான். ஆனால் அக்காவிடம் அதைச் சொன்னால், கணினி மொழிகளை, நாத்தனார்களைத் திட்டுகிற மாதிரி வரிசையாகத் திட்டுவார்.

"பைத்தான்ல அந்தப் பேச்சே கிடையாது. ஜாவா இருக்கு பாரு, அந்த வார்த்தைய யாருக்கும் குடுக்காம எடுத்து வச்சுக்கிட்டு, தானும் பயன்படுத்தாது. நம்ம சி-ல ‘பிரேக்’னு ஒண்ணு இருக்கு, அது ஒரு சுத்துல இருந்துதான் வெளிய விடும். மூணு சுத்துக்குள்ள மாட்டினவன் என்ன பண்ணுவான், சொல்லு."

புது மேலாளர் சட்டை மடிப்புக் கலையாத நல்ல மனிதர். ‘கோ டூ’வை எடுத்தால்தான் இயந்திரத்தை வெளியே அனுப்புவேன் என்றார். எடுக்க மாட்டேன் என்றால் புரோகிராம் வேறு ஆளுக்குப் போய்விடும். மாதிரிக்கு அவரே மாற்றி எழுதியும் கொடுத்தார். கை வந்தால் இயந்திரம் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளும். தொடங்கிய வெட்டை முடித்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்து நின்றுவிடும். படிக்க என்னவோ அழகாகத்தான் இருந்தது.

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. இந்த வேலையைத் தொடங்கும் முன் ஒரு ரொட்டிக் கூடத்தைப் பார்க்கப் போயிருந்தார். அங்கே தட்டை எடுத்து நீட்டிய தொழிலாளிக்கு வலது கையில் மூன்று விரல்தான். அதை என்னிடம் சொன்ன அன்று அவர் காரட் டப்பாவைத் திறக்கவே இல்லை.

சோதனை அறையில் மேலாளரும் வந்து நின்றார். முதலில் அவருடைய புரோகிராமை ஏற்றினேன். ரொட்டி பாதி வெட்டுப்பட்டபோது அக்கா ஒரு காரட்டைக் கத்திக்கடியில் நீட்டினார். இயந்திரம் கவனித்தது, குறித்துக்கொண்டது, வெட்டை முடித்தது, பிறகு மரியாதையாக நின்றது. காரட் இரண்டு துண்டாகக் கிடந்தது. அடுத்து அக்காவின் புரோகிராம். இரண்டாவது காரட்டுக்கு ஒரு விரற்கடை மேலேயே கத்தி நின்றுவிட்டது. அந்தக் காரட்டை அக்கா அங்கேயே நின்று நிதானமாகக் கடித்துத் தின்றார்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். ஒரே ஒரு வெட்டுதானே கூடுதல், இரண்டு வரி மாற்றினால் சரியாகிவிடும், மாற்றித் தருகிறேன், இன்னொரு தரம் ஓட்டிப் பார்ப்போம் என்றார்.

"ஓட்டலாம் சார். காரட்தான் தீந்துடுச்சு" என்ற அக்கா, அவர் கையைப் பார்த்தார்.

மேலாளரின் இரண்டு கைகளும் தம்பாட்டுக்குக் கால்சட்டைப் பைக்குள் போயின.

அக்கா, இயந்திரத்தை வெளியே அனுப்புவதற்கான அனுமதிப் படிவத்தை மேசையில் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். மேலாளர் விதிமுறைகளைப் பற்றி என்னென்னவோ பேசினார். பேச்சு நீண்டுகொண்டே போனது. அக்கா நகரவில்லை. மேலாளரின் ஒரு கை பையிலிருந்து வெளியே வரும்வரை பேனாவை நீட்டியபடியே நின்றார்.