டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தேங்காய் எண்ணெய்

எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவின் பழைய கார் ஒன்று நின்றது. கடற்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று அப்பாவுக்கு ஓயாத பயம். கதவுத் தாழ்ப்பாள், தையல் மெஷின், சைக்கிள் சங்கிலி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவுவார். பலகாரத்துக்கு எண்ணெய் போதவில்லை என்று அம்மா புலம்புவாள்.

அக்கா ஒரு மலையாளியை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டபின் இரண்டு வருடம் அப்பா அவளோடு பேசவில்லை. அவள் கணவனோடு ஆலுவாவில் அவனுடைய சொந்தக்காரர் வீட்டுக்கு வருவதாக அம்மாவுக்குப் போன் செய்தாள். அப்பா ஸ்டேஷனுக்கு வந்தால் நம் வீட்டுக்கு வருகிறேன், வராவிட்டால் இனிமேல் கூப்பிடவே மாட்டேன் என்றாளாம். அப்பா அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவள் வரும் நாள் மத்தியானம் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை.

"ஸ்டார்ட் ஆகல்லை, கேட்டியா. நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

"டாக்ஸில போலாமே அப்பா."

"டாக்ஸி ஒண்ணும் வேண்டாம். போனா இதிலயாக்கும் போவேன்."

இந்தப் பிடிவாதம் எனக்குச் சந்தேகமாக இருந்தது. போகாமலிருக்க ஒரு சாக்கோ? கோபம் வந்தது. அதைவிட ஆர்வம் அதிகமாக வந்தது. காலேஜில் பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். எதையும் கழற்றிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பானெட்டைத் திறந்தேன். பெட்ரோல் வாசனை நன்றாகவே வந்தது. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரிலேயே மாட்டி இன்ஜின்மேல் சாய்த்து வைத்தேன். அப்பா சாவியைத் திருப்பினார். பொறி வரவில்லை. பொறிக்கு மின்சாரம் தரும் காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை உருவி இரும்புக்கு அருகில் பிடித்தேன். அங்கேயும் இல்லை. ஆகவே குற்றம் பிளக்குகளில் இல்லை, அதற்கு முன்னால் எங்கோ இருந்தது.

சின்ன பல்பு ஒன்றின் ஒரு ஒயரைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும், மற்றதைக் கார் உடம்பிலும் சேர்த்தேன். பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் அந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்று இரண்டு உலோகப் பொட்டுகள் உண்டு. இன்ஜின் சுற்றும்போது அவை தொட்டுத் தொட்டுப் பிரியும். தொடும்போதெல்லாம் மின்சாரம் அவை வழியாகப் போய்விடும், பல்பு அணைய வேண்டும். அப்பா சாவியைத் திருப்பியபோது பல்பு ஒரேயடியாக எரிந்தது. பொட்டுகள் தொட்டாலும் நடுவே ஏதோ மின்சாரத்தைத் தடுக்கிறது. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

மூடியைக் கழற்றினேன். அடுக்களை வாசனை வந்தது.

"அப்பா, இதிலயும் எண்ணெய் போட்டேளா?"

அப்பா இறங்கிவந்து எட்டிப் பார்த்தார். "உப்புக் காத்தாக்கும். எல்லாத்துக்கும் போட்டேன், இதுக்கும் போட்டேன்."

"எப்போ?"

"காலம்பற."

வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்க வாயெடுத்தவள், வீட்டுப் பக்கம் திரும்பினேன். எப்போதும் முனகும் கேட் அன்று காலையிலிருந்து சத்தமே போடவில்லை. திறந்திருந்த வாசல் வழியே அக்காவின் அறைத் தாழ்ப்பாள் பளபளத்தது. யாரும் தொடாத அவளுடைய சைக்கிளைக்கூட வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார். வழியில் எதுவும் மக்கர் செய்யக்கூடாது என்றுதான் காருக்கும் ஒரு இடம் விடாமல் தடவியிருக்கிறார்.

ஒரு தபால் கார்டைப் பெட்ரோலில் நனைத்து, பொட்டுகளுக்கு நடுவே விட்டு இழுத்தேன். எண்ணெய்க் கறை போகும்வரை இழுத்தேன். மூடியைப் போட்டு, அப்பா சாவியைத் திருப்பியதும் பல்பு கண்ணைச் சிமிட்டியது. பிளக்கையும் ஒயர்களையும் பழையபடி மாட்டினேன். அடுத்த திருப்பலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"ஏறுடீ, நேரமாச்சு," என்றார்.

ஆலுவா ஸ்டேஷன் வாசலில் அக்கா பெட்டியோடு நின்றாள், பக்கத்தில் அவள் கணவன். அப்பா இன்ஜினை அணைக்காமல் முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அக்கா மெதுவாக வந்து கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். வழுக்கியது. கையை முகர்ந்து பார்த்தாள்.

"கதவுக்கும் போட்டாச்சா அப்பா?"

"உப்புக் காத்தாக்கும்," என்றார் அப்பா. "ரெண்டு பேரும் ஏறுங்கோ."