பற்பாடகம் அவித்த காலை

காலை ஆறு மணி பத்து. கோப்பாயில் மாமி வீட்டுக் குசினிக்குள் நுழைந்ததும் நான் முதலில் கண்டது, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மூலிகைக் குடிநீரில் மிதந்த வெள்ளைத் தையல் நூல். மாமி அகப்பைக் காம்பால் அதை எடுத்து வெளியே எறிந்தார்.

தொண்ணூறாம் ஆண்டு, யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த மாதங்கள். கொழும்புத்துறையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்ததால் அம்மாவும் நானும் நான்கு வயதுத் தங்கச்சியும் இங்கே வந்திருந்தோம். மாமி அப்பாவின் அக்கா. அவருடைய கணவர், எங்கள் மாமா, கேரளத்திலிருந்து இளம் டொக்டராக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நஞ்சுக் காய் தின்று வந்த நோயாளிகள் எதைத் தின்றார்கள் என்று அறியத்தான் முதலில் செடிகளைப் பார்க்கத் தொடங்கினாராம். பிறகு குடாநாட்டின் புல் பூண்டையெல்லாம் சைக்கிளில் தேடித் திரிந்தார். அந்த வேலையை இங்கே அவருக்கு முன் யாரும் முழுமையாகச் செய்ததில்லை. செடியைக் காயவைத்து, தடித்த தாளில் நூலால் தைத்து, கீழே பெயர் எழுதுவார். பூச்சி அரிக்காமலிருக்க அதன்மேல் பாதரச நஞ்சு பூசுவார். இந்தக் கடைசி விஷயம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. அந்தத் தாள்கள் இருந்த அறைக்குள் யாரும் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. ஒழுங்கு குலையக்கூடாது என்பதற்காக என்றே மாமி நினைத்திருந்தார்.

தங்கச்சிக்குக் காய்ச்சல் விடவில்லை. கடைகளில் பனடோல் இல்லை. குண்டுவீச்சில் காயப்பட்டவர்களைப் பார்க்க வல்வெட்டித்துறைக்குப் போன மாமா, திரும்ப வழியில்லாமல் அங்கேயே நின்றுவிட்டார். காய்ச்சலுக்குப் பற்பாடகம் அவித்துக் கொடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். ஆனால் அது கோடை. வயலில் பச்சையாக ஒன்றும் இல்லை. மாமாவின் அறையில் காய்ந்தது இருந்தது. டொக்டரே பார்த்துப் பிடுங்கியது, அதைவிட நல்லது எங்கே கிடைக்கும் என்று மாமி அம்மாவிடம் கேட்டார்.

பனங்கட்டி தந்தால்தான் குடிப்பேன் என்று தங்கச்சி வக்கீல்போல வாதாடினாள்.

"உவள் பெரிய அப்புக்காத்துதான்" என்று சொன்ன மாமி, ஒளித்து வைத்திருந்த பனங்கட்டித் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

ஒருவழியாக மாமா வந்து சேர்ந்தபோது காலை ஏழரை. சைக்கிளைச் சுவரில் சாத்தியவர், முற்றத்தில் கிடந்த வெறுந்தாள்களைக் கண்டார்.

"உது ஆர் எடுத்தது?"

"நான்தான். பிள்ளைக்குக் குடிநீர் வைச்சனான். நல்லாக் கழுவித்தான் அவிச்சது."

"குடிச்சிட்டாளோ?"

"ஓம். ஒரு சொட்டும் மிச்சம் விடேல்லை."

மாமா ஏசவில்லை. வீட்டில் முட்டை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். வெள்ளைக்கருவைப் பாலில் அடித்துப் பருக்கி, வாந்தி எடுக்க வைத்து, மறுபடி பருக்கினார். வாந்தியில் இரத்தம் இருந்தது. அத்தனை முட்டையும் அவளுக்கே போகிறதே என்று எனக்குப் பொறாமை.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. பற்பாடகம் வேலை செய்துவிட்டது என்று மாமி அயலுக்கெல்லாம் சொன்னார். மாமாவோ கட்டிலருகே இருந்தபடி, பிள்ளை சலம் போனாளா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். காய்ச்சல் விட்ட பிள்ளையைப் பற்றி ஒரு டொக்டர் மூத்திரத்தைப் போய்க் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கச்சியின் முகம் ஊதியிருந்தது. கொழுக்கட்டை என்று கூப்பிட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் முடியுமுன் இறந்துபோனாள். காய்ச்சல் சிறுநீரகத்துக்கு இறங்கிவிட்டது என்று மாமா எல்லோருக்கும் சொன்னார்.

"என்ரை குடிநீர் இல்லாட்டி பிள்ளை முந்தியே போயிருப்பாள், என்ன?" என்று மாமி அழுதபடி அவரைக் கேட்டார்.

மாமா முட்டை அடித்த கோப்பையை எடுத்துப்போய், கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

"ஓம்" என்றார்.

ஒரு சின்னச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு நேரம் எடுத்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அதன்பிறகும் அவர் செடி சேர்த்தார், ஆனால் நஞ்சு பூசவில்லை. தொண்ணூற்றைந்தில் ஊரே வெளியேறியபோது, கொண்டுபோவதற்காக அந்தத் தாள் கட்டுகளை அவிழ்த்தோம். தாள்களில் பெயர்கள் இருந்தன. செடிகளைப் பூச்சி தின்றிருந்தது.