ஒதீல் நிறுத்திய இடம்

தீபோ கிளம்பிப் போனது 2011 மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். உளிப்பெட்டியையும் இரண்டு போர்வைகளையும் வேனில் போட்டுக்கொண்டான். நார்வேயின் வடகோடியில் ஒரு தேவாலயத்துக்குப் பலிபீடம் செய்யும் வேலை அவனுக்கு அடுத்த வாரம்தான் தொடங்குவதாக இருந்தது. அன்றைக்கே போய்விட்டான். பட்டறைக் கதவைக்கூடச் சாத்தவில்லை. சாரல் உள்ளே அடிக்க, ஒதீல்தான் எழுந்து போய்ச் சாத்தினாள்.

அவன் கோபத்துக்குக் காரணமானது பட்டறை நடுவில் நின்றுகொண்டிருந்தது. ஆளுயரத்துக்கு மேல் ஒரு சாண், ஒரே நீலநிறக் கல்லில் குடைந்த மாடம். ஷார்ல்ருவா பக்கம் கட்டிக்கொண்டிருந்த புதுப் பள்ளிவாசலுக்கானது. இமாம் அதன் முன்னால் நின்று தொழுகை நடத்துவார். மேல்சுவரின் பாரத்தில் ஒரு பங்கை அந்தக் கல்லே தாங்கும்படி தீபோ வரைந்திருந்தான். சாமி இருக்கும் இடத்தில் ஒட்டவைத்த அலங்காரம் எதுவும் கூடாது, கட்டடமும் சிற்பமும் ஒன்றாகவே நிற்க வேண்டும் என்பது அவன் கட்சி.

இளவயதில் அவன் புனிதர்களைச் செதுக்கியவன். போகப்போக முகங்களை விட்டான், அப்புறம் கைகளை, அங்கியின் மடிப்புகளை. கடைசியில் கல்லும் அதன்மேல் விழும் வெளிச்சமும்தான் மிஞ்சின. லியேஜில் யூதர்களின் ஜெபக்கூடத்துக்கு ஒரு வாசற்படி செய்து கொடுத்தான். அதில் வாசற்படியைத் தவிர வேறொன்றும் இல்லை. பள்ளிவாசல்காரர்கள் தேடி வந்தபோது, இத்தனை வருஷமாக இவர்களுக்காகத்தான் பயிற்சி எடுத்தேன் போலிருக்கிறது என்று சிரித்தான்.

அவன் செதுக்குவான், ஒதீல் தேய்ப்பாள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. அவள் பிறந்தது சுவாஞியில், குவாரியின் சங்கு ஊதினால் ஜன்னல் அதிரும் தெருவில். அப்பா ஃபெர்னான் குவாரித் தொழிலாளி. பிஸ்கட் ஆலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தாள், ஒரு கல்யாணம் செய்து அதை முறித்தும் கொண்டாள், இருபத்தொன்பதாவது வயதில் தேய்ப்பு வேலைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனின் பந்தயப் புறாக்கள் திரும்பி வருவதை அவனோடு நின்று வானத்தில் தேடுவாள். மற்ற ஆறு நாளும் தண்ணீரும் உப்புத்தாளும்தான். விரல் நுனிகள் அவ்வளவு தேய்ந்துபோனதால், ஒரு முறை அரசு அலுவலகத்தில் கைரேகை எடுக்கப் பார்த்தவர்கள் மூன்று தடவை முயன்றுவிட்டு, “மேடம், உங்களுக்கு ரேகையே இல்லையே” என்றார்கள். கொலை செய்ய வசதியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சுவாஞிக் கல் எப்போதோ கடலடியாக இருந்தது. கரடாக விட்டால் சாம்பல் நிறம். தேய்க்கத் தேய்க்க நீலமாகும். கண்ணாடி போலப் பளபளக்கும்வரை போனால் கறுத்துவிடும். அப்போது அதனுள் கிடக்கும் சிப்பிகளும் வளையங்களும் வெள்ளை வெளேரென்று மேலே வரும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரின் எண்ணை வைத்துத்தான் கணக்கு. சின்ன எண் கரடு, பெரிய எண் வழவழப்பு. மாடத்தின் உட்புறத்துக்கு 220 போதும் என்று தீபோ பலகையில் எழுதி வைத்துவிட்டு மூன்று நாள் லியேஜுக்குப் போயிருந்தான்.

220-ஐத் தொட்டபோதே, ஈரத்தில், ஏதோ ஒன்று கல்லுக்குள் இருப்பது ஒதீலுக்குத் தெரிந்தது. சரியாக, நிற்கிறவனின் கண்ணுக்கு நேரே. 400-இல் ஒரு வளைவு வந்தது. 800-இல் சுருள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கடல்நத்தை, அறை அறையாக, ஒரு கோடுகூடச் சிதையாமல். அவள் 1500-ம் தாண்டி, பொடி போட்டு மெருகேற்றி முடித்தாள்.

“220-னு எழுதி வச்சிருந்தேன்” என்றான் தீபோ, திரும்பி வந்து அதைப் பார்த்ததும்.

“பாத்தேன்.”

“பாத்துமா?”

“அது வெளிய வந்துட்டே இருந்துச்சு தீபோ. கையை எடுக்க முடியல.”

“உசுருள்ள எதோட உருவமும் இருக்காதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். நான் கேட்டது சுவரு. நீ பண்ணி வச்சிருக்கறது மீன்கடை ஜன்னல்.”

அவன் உளிப்பெட்டியை மூடினான். போர்வைகளைத் தேடினான்.

அந்த அளவில் இன்னொரு கல் இலையுதிர் காலத்துக்கு முன்னால் கிடைக்காது. பள்ளிவாசலின் சுவர் நடுவில் பொந்தோடு காத்துக்கொண்டிருந்தது. ஒரு குவாரி ஊரில் கல்லைக் கெடுத்தவள் என்று பேர் வந்தால் அது கல்லறை வரைக்கும் வரும், அந்தக் கல்லறைக்கும் கல் வெட்டுகிறவர்கள் அதே ஊர்க்காரர்கள். ஆனால் ஒதீலை உறுத்தியது ஊர்ப்பேச்சு இல்லை. தேய்ப்பவளுக்கு வேண்டிய ஒரே அறிவு எங்கே நிறுத்த வேண்டும் என்பது. அது அவளுக்கு இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் லஹ்சன், எழுபத்து நாலு வயது. அதே குவாரியில் ஃபெர்னானோடு முப்பத்தொரு வருடம் கல் அறுத்தவர். கூட அவர் மகள் ஹனான், பள்ளியில் கணக்கு டீச்சர், கமிட்டியின் செயலாளர், கையில் ஒப்பந்தக் கோப்பு. ஒதீல் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். யாரும் குடிக்கவில்லை.

“அப்பா, இது நத்தை” என்றாள் ஹனான்.

“தெரியுது. இதுங்களைத்தானே முப்பத்தோரு வருஷம் அறுத்தேன்.”

“அப்ப இது உருவம் ஆகாதா?”

லஹ்சன் ஒதீல் பக்கம் திரும்பினார். “ஏம்மா ஃபெர்னான் மகளே, இதை வரைஞ்சது நீயா?”

“நான் வரையல ஐயா. மூடியிருந்ததைத் தொறந்தேன். அவ்வளவுதான்.”

“அப்ப அது ஒரு பேச்சே இல்ல” என்று கோப்பை மூடச் சொன்னார்.

ஒதீல் மூச்சு விட்டாள். அவசரப்பட்டுவிட்டாள். கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு மாடத்தின் முன்னால் போய், தொழுகையில் நிற்பதுபோல் கைகட்டி நின்றார்.

“வேற ஒண்ணு இருக்கு” என்றார் திரும்பாமலே. “இதுக்குள்ள நான் இருக்கேன். என் மூக்கு, என் தொப்பி, பின்னாடி ஹனான். தொழ வர்றவன் முன்னாடி அவனையே நிறுத்தி வைக்கலாமா?”

நத்தையைப் பற்றியே கவலைப்பட்ட தீபோ, ஒதீல், ஹனான் மூன்று பேருக்கும் இது தோன்றவில்லை. கல் கண்ணாடியாக இருப்பதை அவர்கள் குறையாக எண்ணிப் பார்த்திருக்கவில்லை. முகம் தெரியாமல் போனால் கல்லை எடுத்துக்கொள்வதாகவும், போகாவிட்டால் செங்கல்லில் கட்டிப் பூசிக்கொள்வதாகவும் லஹ்சன் சொன்னார். மூன்று வாரம் அவகாசம். ஒதீல் தீபோவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. விஷயத்தைப் பதிவு செய்து வைத்தாள். அதற்கும் பதில் இல்லை.

மெருகைக் கொல்லுவது மெருகேற்றுவதைவிடக் கடினம். உட்குழிவில் இயந்திரம் போகாது. 120-இலிருந்து மறுபடி கையால் தொடங்கினாள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை லஹ்சன் பஸ் பிடித்து வந்து கல்லின் முன்னால் நின்றார். முதல் இரண்டு தடவையும் முகம் மங்கலாக மிஞ்சியிருந்தது.

“இப்ப?”

“மூக்கு மட்டும் பாக்கி.”

“உங்க மூக்கு எந்த நம்பருக்கும் அசையாது ஐயா.”

கூட வந்திருந்த ஹனான் வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவர் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு, இது அட்லஸ் மலையிலிருந்து வந்தது, எளிதில் தேயாது என்றார்.

பதினோராவது நாள் எல்லாம் சீராக 220-க்கு வந்தது. முகம் அறவே இல்லை. நத்தையும் இல்லை. தீபோ கேட்ட சுவர் அதுதான், கமிட்டிக்கும் அது போதும். லஹ்சன் தலையசைத்துவிட்டார். ஆனால் காய்ந்தபின் பார்த்தால் கல் பழைய சிமெண்டுபோலக் கிடந்தது. ஒதீல் அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை தாள்களை எடுத்து மறுபடி உட்கார்ந்தாள்.

320-இல் நீலம் வந்தது. 400 போட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது; தாளைக் கையில் எடுத்து, ஒரு மூலையில் நாலு இழுப்பு இழுத்து, கீழே வைத்துவிட்டாள். பாதி தேய்ந்துபோன பழைய 320 தாள்களைக் குப்பைப்பெட்டியிலிருந்து பொறுக்கினாள். அவற்றால் முழு மாடத்தையும் ஒரு சுற்று வந்தாள். பாதி தேய்ந்த தாளுக்குக் கடையில் எண் கிடையாது. வெளிச்சம் கல்லுக்குள் கொஞ்சம் இறங்கியது, ஆனால் தங்கவில்லை. அலசுவதற்குத் தண்ணீர் ஊற்றியபோது நத்தை முழுசாக எழுந்து வந்தது. ஈரம் காயக் காய உள்ளே போய்விட்டது. அவள் கையை எடுத்தாள்.

லஹ்சன் வந்து நின்றார். தன் மூக்கைத் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. ஹனான் கோப்பைத் திறந்து கையெழுத்து வாங்கினாள்.

மாடம் ஏப்ரலில் சுவருக்குள் போனது. தீபோ நார்வேயிலேயே தங்கிவிட்டான். பட்டறையைக் கல்லறைக்கல் செய்கிற ஒருவர் எடுத்துக்கொண்டார், ஒதீலையும் சேர்த்து. அவருக்கு எல்லாம் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். அவளும் அப்படியே செய்து கொடுத்தாள். லஹ்சன் 2016-இல் இறந்தபோது அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தாள். அண்ணனின் புறா ஒன்று பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது.

2018 நவம்பரில், சாப்பாட்டு நேரத்தில், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கையில் இருந்தபோது அவளுடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஏழரை வருடத்துக்குப் பிறகு, தெரியாத எண்ணிலிருந்து.

“தீபோதான். நேத்து ஷார்ல்ருவா போயிருந்தேன். ஒரு அம்மா ஈரத்துணியால மாடத்தைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. காயற வரைக்கும் நின்னு பாத்தேன். அப்புறம் இன்னொரு தடவை துடைக்கச் சொன்னேன். எந்த நம்பர்ல நிறுத்தின?”