ஓலீட்டா கட்டிய கார்

ஓலீட்டா ஹார்க்ரேவுக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வராது. பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்த தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, சமையலறைக்கும் பின்வாசலுக்குமாக நடந்தபடியே தின்று முடிப்பாள்.

“உக்காந்து தின்னேன். தட்டு என்ன ஓடியா போயிடும்?” என்பான் அவள் கணவன் வெர்லன்.

“நீ தின்னு. எனக்குக் கால் அரிக்குது.”

போர்க்காலத்தில் அவள் இப்படி இருந்ததில்லை. விமானத் தொழிற்சாலையில் மூன்று வருடம் வெல்டிங் வேலை. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, கையில் நீலச் சுடர். மெல்லிய இரும்புக் குழாய்களைச் சேர்ந்த இடம் தெரியாமல் சேர்ப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து படுத்தால் அடித்துப் போட்டது போலத் தூக்கம் வரும். போர் முடிந்த மறு வாரமே, ஆண்கள் திரும்பி வருகிறார்கள் என்று சொல்லி, கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது சான் பெர்னார்டினோவில் ஆரஞ்சுப் பழக் கொட்டகை ஒன்றில் வேலை. பெல்ட்டில் உருண்டு வரும் பழங்களில் அழுகலைப் பொறுக்கி எறிய வேண்டும். நாளெல்லாம் கண்ணெதிரே பழம் ஓடும். அவள் நின்ற இடத்திலேயே நிற்பாள். வீடு திரும்பினால் உடம்பு சோர்ந்திருக்கும், கை சும்மா இருக்காது. கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிப் பூட்டுவாள். தையல் இயந்திரத்தைப் பிரித்து மேய்வாள்.

1948 வசந்தத்தில், முட்டை வாங்கப் போன பண்ணை ஒன்றில், கோழிகள் ஏறி அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு பழைய ஃபோர்டு காரின் உடம்பைப் பார்த்தாள். இருபத்தொன்பதாம் வருடத்து வண்டி. கூரை இல்லாத இரட்டை இருக்கை. அடியில் சக்கரமும் இல்லை, எஞ்சினும் இல்லை. பண்ணைக்காரர், “கோழிய எறக்கிட்டு எடுத்துக்கம்மா” என்றார்.

வெர்லன் ரொட்டிக் கம்பெனியின் வேன் ஓட்டுகிறவன். அந்தத் தகரக் கூட்டை வேனின் தலையில் ஏற்றிக் கட்டும்போது அவன் முகம் வெளுத்திருந்தது.

“சூப்பர்வைசர் பாத்தா என் சீட்டுக் கிழிஞ்சுது.”

“ரொட்டிக்கு மேல குடை பிடிச்சிருக்கேன்னு சொல்லு.”

அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக் கொட்டகையில் வெளிச்சம் இருக்கும்வரை சுத்தியல் சத்தம்தான். உடைந்த காரொன்றின் சட்டத்தை எடுத்து, அதன்மேல் இந்த உடம்பை இறக்கி உட்கார வைத்தாள். மட்கார்டுகளைக் கழற்றி வீசினாள். முன்பக்க அச்சை நெருப்பில் காட்டி வளைத்து, வண்டியின் மூக்கைத் தரையோடு தாழ்த்தினாள். கவிழ்ந்துபோன டெலிவரி லாரி ஒன்றிலிருந்து எட்டு சிலிண்டர் எஞ்சின் கிடைத்தது. அதைச் சாப்பாட்டு மேஜை மேலேயே பிரித்தாள். இரண்டு மாதம் வெர்லன் அடுப்பு மேடையில் தட்டை வைத்துத் தின்றான். வால்வுகளைத் தேய்த்தாள், எஞ்சினின் மேல்மூடியைச் சீவி உயரம் குறைத்தாள், ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்தினாள். புகைக்குழாய்களை அவளே வளைத்து ஒட்டினாள். ஒரு வேலை முடிந்தால் நின்று பார்க்கமாட்டாள். பிடிக்கவில்லை என்றால் அறுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். ஸ்டியரிங் பெட்டியை மட்டும் நான்கு முறை இடம் மாற்றினாள்.

பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் டெல்மர் ஸ்டூப்ஸ் ஒரு நாள் எட்டிப் பார்த்தான். பாலைவனத்து வறண்ட ஏரியில் பந்தயம் விடும் கார் கிளப்பின் செயலாளர் அவன். வண்டிக்கு அடியில் புகுந்து, விரலால் சட்டத்தின் இணைப்புகளைத் தடவிக்கொண்டே வெளியே வந்தான்.

“வெர்லன் அண்ணே, யாருண்ணே வெல்டிங்? எந்தப் பட்டறை?”

வெர்லன் மனைவியைக் காட்டினான்.

“சும்மா கதை விடாதீங்கண்ணே.”

“கதை விடற அளவுக்கு எனக்கு மூளை கிடையாது தம்பி” என்றான் வெர்லன்.

ஜூலையில் வண்டியை ஏரிக்குக் கொண்டுபோனார்கள். மைல் கணக்கில் வெடித்துக் காய்ந்த களிமண் தரை. காலை ஏழு மணிக்கே நாற்பது வண்டிகள் வரிசையில் நின்றன. ஓலீட்டா தலையில் துணி கட்டி, கண்ணாடி மாட்டி, இருக்கையில் ஏறினாள். டெல்மர் அட்டையோடு வந்து தலையைச் சொறிந்தான்.

“அக்கா, நீங்க எறங்கணும். பொம்பளைங்க ஓட்டக் கூடாது. ரூல் அப்படி.”

“இத கட்டினது யாரு?”

“நீங்கதான். நான் இல்லங்கல. கட்டலாம், ஓட்டக் கூடாது.”

அவள் வரிசையைப் பார்த்தாள். எல்லாத் தலைகளும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. இறங்கினாள். கண்ணாடியைக் கழற்றி வெர்லன் கையில் திணித்தாள்.

“நானா? இருபத்தஞ்சு மைலத் தாண்டினா ரொட்டி நசுங்கும்னு பழகினவன் நான்!”

“இதுல ரொட்டி இல்ல. மிதி.”

வெர்லன் போனான். ஓலீட்டா கண்ணை மூடிக் காதால் பார்த்தாள். எஞ்சின் ஏறிக்கொண்டே போயிற்று. இன்னும் ஏற இடமிருந்தது. சட்டென்று சத்தம் தணிந்தது. அவன் காலை எடுத்துவிட்டான். கிளப்பின் கடிகாரக் கணக்கில் மணிக்குத் தொண்ணூற்று நான்கு மைல்.

திரும்பும் வழியில் மலைப்பாதை இறங்கும்போது அவனே சொன்னான்.

“பயந்துட்டேன், ஓலி. மூக்கு மேல தூக்குற மாதிரி இருந்துச்சு. ஒன் வண்டிய நான் கெடுத்துட்டேன்.”

“வண்டி கெடல.” கொஞ்ச தூரம் போனபின், “செவ்வாக்கிழமை ஏரில எவனும் இருக்க மாட்டான்” என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவள் காய்ச்சல் என்று பழக் கொட்டகைக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் பல்வலி என்று கம்பெனிக்குச் சொன்னான். வேறொருவரிடம் இரவல் வாங்கிய பழைய லாரியில் வண்டியைக் கட்டி இழுத்துப் போனார்கள். ஏரியில் ஒரு ஈ காக்கை இல்லை. லாரியின் மீட்டரைப் பார்த்து ஒரு மைல் அளந்து, இரண்டு முனையிலும் மாவுச் சாக்கைக் கம்பில் கட்டினார்கள். வெர்லன் கைக்கடிகாரத்தோடு கடைசிச் சாக்கருகே நின்றான்.

ஓலீட்டா நெடுந்தூரம் பின்னால் போய்த் திரும்பி மிதித்தாள். காற்று கன்னத்தை அறைந்தது. வண்டியின் மூக்கு தூக்கத்தான் செய்தது. ஸ்டியரிங் கைக்குள் லேசாகிப் பஞ்சுபோல் ஆனது. இந்தத் திருகை நான் முறுக்கினேன், இந்த ஒட்டு என் ஒட்டு என்று நினைத்தாள். காலை எடுக்கவில்லை. முதல் சாக்கு வெள்ளைக் கோடாகக் கடந்தது. அதன்பின் எதுவும் நினைக்கவில்லை. மூன்று வருடமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்த ஒரு மைலுக்கு வாயை மூடிக்கொண்டது.

இரண்டாவது சாக்கைத் தாண்டியதும் படீரென்று சத்தம். வெந்நீர் பீறிட்டு முகத்தில் தெளித்தது. எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் நீர் கசியாமல் அடைத்திருந்த கேஸ்கெட் கிழிந்துபோயிருந்தது. வண்டி ஆவி கக்கிக்கொண்டு உருண்டு நின்றது.

வெர்லன் ஓடி வந்தான். தொப்பி எங்கோ விழுந்திருந்தது.

“எவ்ளோ?” என்றாள், முகத்தைத் துடைத்தபடி.

“இருபத்தொன்பது செகண்டு! இல்ல... முப்பத்தொண்ணா?”

“வெர்லன்!”

“புழுதி மொதச் சாக்கத் தாண்டினதும் முள்ளப் பாத்தேன். நீ இந்தப் பக்கம் வந்ததும் ஒன்னப் பாத்துட்டேன். அப்புறம்தான் முள்ளப் பாத்தேன்.”

இருபத்தொன்பது என்றால் மணிக்கு நூற்றிருபத்து நான்கு மைல். முப்பத்தொன்று என்றால் நூற்றுப் பதினாறு. இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க வண்டியில் தண்ணீரும் இல்லை, உயிரும் இல்லை. ஓலீட்டா களிமண் தரையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள். மறுநாளே எஞ்சின் மேஜைக்கு ஏறிவிட்டது.

இலையுதிர் காலத்தில் டெல்மர் தன் வண்டியின் விரிசல் விட்ட சட்டத்தை இழுத்துக்கொண்டு வந்து நின்றான். “ஒட்டித் தருவீங்களாக்கா?” என்று கேட்கும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஒட்டிக் கொடுத்தாள். அவனைப் பார்த்து இன்னொருவன், அவனைப் பார்த்து மூன்று பேர். அடுத்த கோடைக்குள் ஆரஞ்சுக் கொட்டகை வேலையை விட்டுவிட்டாள். கிளப்பில் பாதி வண்டிகளின் சட்டங்கள் அவள் கைபட்டவை.

ரூல் மட்டும் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கோட்டருகே நிற்பாள். அவள் ஒட்டிய வண்டிகள் ஒவ்வொன்றாய்ச் சீறிப் போகும். யார் எந்த இடத்தில் காலை எடுக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்; சொல்லமாட்டாள். கைகளைக் கட்டிக்கொண்டு சாதாரணமாக நிற்பது போலத்தான் தெரியும். குனிந்து பார்த்தவர்களுக்கு மட்டும், அவளுடைய வலது கால் செருப்போடு மண்ணை அழுத்திக்கொண்டிருப்பது கண்ணில் படும்.