அவர் கல்லும் இவள் கல்லும்

இரும்புக் கிடங்கின் கிரேனை அவள் ஓட்டத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. அங்கே எல்லோருக்கும் அவள் கிரேன் அக்கா. கூரையை ஒட்டிய கண்ணாடிக் கூண்டிலிருந்து இறங்க அறுபத்திரண்டு படிகள். பெண்கள் கழிவறையோ முற்றத்தைத் தாண்டி அலுவலகக் கட்டடத்தில். போய்வர அரை மணி. அதனால் காலையில் ஒரு மடக்குத் தண்ணீரோடு சரி, மற்றதெல்லாம் வீடு திரும்பித்தான்.

வீட்டில் சிறுநீரகக் கல் என்றால் அது கணவருடைய கல்தான். மூன்று வருடத்துக்கு முன்பு அவர் தரையில் உருண்டு கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர்களே வண்டி பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். விழுந்த கல்லைச் சோதித்ததில் கால்சியம் ஆக்சலேட் வகை என்று வந்தது. கீரை, பாதாம், சாக்லேட் வேண்டாம் என்று டாக்டர் தந்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. அன்றிலிருந்து அவர் பெரிய நிபுணர்.

அவளுடைய வலி உருள வைக்கவில்லை. இடது விலாவுக்குக் கீழே கனமாக ஒரு நோவு, அடிக்கடி நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல். "பொம்பளைங்களுக்கு வர்ற இடுப்பு வலிதாம்மா" என்று தெருமுனை டாக்டர் மாத்திரை எழுதினார். ஒருவழியாக ஸ்கேன் எடுத்தபோது கல் தெரிந்தது. கணவர் முகம் மலர்ந்தேவிட்டது.

"பூ, இவ்ளோதானா! கல்லு விஷயத்துல நான் உனக்கு சீனியர். தாளைப் பாத்து அப்படியே நட."

"எனக்கு எரியுதுங்க, காய்ச்சல் வருது. உங்களுக்கு அப்படியா வந்துச்சு?"

"எனக்கு வந்ததுல பத்துல ஒரு பங்கு வந்திருந்தா, நீ இப்படி உக்காந்து பேசிட்டிருக்க மாட்ட."

ஒன்றரை வருடம் அவள் கீரையைத் தொடவில்லை. காய்ச்சலும் அவளை விடவில்லை. ஒருநாள் காலை, உதிர்ந்த சுண்ணாம்பு போல ஒரு துணுக்கு வெளியே வந்தது. டப்பாவில் எடுத்து வைத்தாள்.

"சோதனை எதுக்கு? நம்ம வீட்டுக் கல்லைத்தான் ஏற்கெனவே பாத்தாச்சே."

"வீட்டு நம்பரா என்ன, குடும்பத்துக்கு ஒண்ணுன்னு?"

பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரக டாக்டரம்மா துணுக்கின் சோதனை முடிவைப் படித்துவிட்டு, புது ஸ்கேன் தெரிந்த திரையைத் திருப்பிக் காட்டினார். கல் இஞ்சிக் கிழங்கு போலக் கிளைவிட்டுச் சிறுநீரகத்தையே அடைத்திருந்தது.

"இது தொற்றுக் கல்லும்மா. சிறுநீர்ல வர்ற கிருமியால வளர்றது. பெண்களுக்குத்தான் அதிகம் வருது. உங்க வீட்டுக்காரருக்கு வந்தது வேற வகை, ஆம்பளைங்ககிட்ட அதிகம் பாக்கிறோம். கீரையை நிறுத்தினா இது நிக்காது. இந்தக் கிட்னி இப்ப மூணுல ஒரு பங்குதான் வேலை செய்யுது. கல்லை அடுத்த வாரமே எடுத்துடணும். அப்புறமும் தொற்று வந்தா திரும்ப வளரும். மணிக்கணக்கா சிறுநீரை அடக்கவே கூடாது."

"முதல்லயே தெளிவா சொல்லியிருக்கலாம்ல?" என்றார் கணவர், அவளைப் பார்த்து.

அவள் எழுந்து வெளியே போய்க் கிடங்கு மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள்.

"சார், ஆபரேஷன். திரும்பி வந்ததும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை கீழே இறங்குவேன்."

"தடவைக்கு அரை மணியா? லோடெல்லாம் நின்னுடுமேம்மா!"

"கிரேனுக்குக் கீழேயே ஒரு கழிவறை கட்டுங்க. அஞ்சு நிமிஷத்துல மேல இருப்பேன்."

"நல்லா ஜோக் அடிக்கிறீங்க அக்கா!"

மேற்பார்வையாளர் சிரித்து முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு முதலிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக, மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.