கோலமில்லாத வாசல்

எதிர் வீட்டுப் பெரியவர் போய்ச் சேர்ந்து நான்கு நாளாகிறது. அவர்கள் வாசலில் கோலம் இல்லை. காலையில் பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த வெறுந்தரையில் கண் போய் நிற்கிறது. பிறகு எனக்குக் காபி இறங்குவதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், பிள்ளைப்பாக்கத்துப் பக்கம் நிலம் அளக்கும் வேலையில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். சங்கிலி பிடிப்பதும் நோட்டில் எழுதுவதும்தான் வேலை. மிடுக்கு மட்டும் கலெக்டருக்கு உண்டானது. தொழிற்சாலைக்கு எடுக்கப் போகிற நிலத்தின் நடுவே பாழடைந்த பங்களா ஒன்று நின்றது. யாரோ மிராசுதார் கட்டியது. வாரிசுகள் எட்டிப் பார்ப்பதில்லை.

நுழைந்ததும் வௌவால் நாற்றம். கூடத்துக்குக் கூரை இல்லை. மிஞ்சிய ஒற்றை உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கிகள் மட்டும் தொங்கின. தேக்குத் தூண்களை எவனோ அறுத்துக்கொண்டு போயிருந்தான். பாதியில் நின்றுபோன மாடிப்படியில் ஏறி, மிராசுதார் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தேன். அற்ப சந்தோஷம்தான். பின்கட்டில் சமையலறை மட்டும் முழுசாக இருந்தது, பூட்டியிருந்தது. வாசலில் கழுவிக் கவிழ்த்த சட்டி.

கதவு தட்டி விசாரிக்க எங்கள் சர்வேயருக்குப் பொறுமை கிடையாது. கோலம் இருந்தால் ஆள் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்பது அவர் கணக்கு.

"சட்டி ஒண்ணு கீது சார்" என்றேன்.

"கோலம்?"

"இல்ல சார்."

"ஆடு மேய்க்கிறவன் வெச்சிருப்பான். ஆளில்லன்னு எழுது."

எழுதினேன்.

குடியிருப்போர் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் மாற்று மனை என்று ஊரில் சொன்ன பிறகு, அஞ்சலை என்னைத் தேடி வந்தாள். பங்களா காவல்காரரின் மனைவி. அந்தச் சமையலறைதான் அவள் வீடு.

"எங்கூட்டுக்காரு செத்து அன்னிக்கு அஞ்சாம் நாளு சார். காரியத்துக்கு சாமான் வாங்க பஜாருக்குப் போய்க்கினு இருந்தேன். சாவு வூட்ல எவ சார் கோலம் போடுவா?"

எனக்குத் தெரியாத வழக்கமா? அப்பா இறந்தபோது எங்கள் வாசலும் அப்படித்தானே கிடந்தது. கைக்கு அளவு நோட்டு வந்ததும் அதெல்லாம் மறந்துவிட்டது.

"சார்கிட்ட சொல்றேன், போம்மா" என்றேன். சொல்லவில்லை. தவறு என் தலையில் விழும், வேலை போய்விடும் என்று பயம். சில மாதங்களில் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

அஞ்சலை எங்கே போனாள் என்று நான் யாரையும் கேட்டதில்லை. வெட்கம்தான். போன வருடம் அந்தப் பக்கம் போனவன் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். பங்களாவும் இல்லை, அதைச் சுற்றியிருந்த வயலும் இல்லை. தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஆயுசு முழுக்க நிலம் அளந்தவன், மதிலுக்கு வெளியே நின்று அவள் வாசல் எங்கே இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிடிபடவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை என்பதால் கேட் முன்னால் பெரிதாகக் கோலம் போட்டிருந்தார்கள்.